அரை லைசென்ஸ்காரி

1

என் இடது காலுக்குப் பதினேழு வருடமாக வேலை கிடையாது. வலது கால் பாவம், ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்குமாக மாறி மாறி உழைக்கும். இது பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். இங்கிலாந்தில் நான் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் வண்டி. கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது.

இதைச் சிட்லபாக்கத்தில், என் நாத்தனார் கிரேஸ் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாலு வார லீவில் வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் போய் ஒரு வருடம் ஆகிறது. முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்தை அவர் வளர்ந்த ஊரில் வைக்க வேண்டும் என்று கிரேஸுக்கு ஆசை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத்தான் காரணமாகச் சொன்னேன். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. நான் கியர் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன். ஐம்பத்தேழு வயதில், வார்டு வார்டாக நடந்து தேய்ந்த நர்ஸ் முட்டியோடு.

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கிரேஸ் ஏற்கெனவே சிரித்து முடித்தாயிற்று. போனைத் தட்டினால் வாசலில் கார் வந்து நிற்கிற காலத்தில் உங்களுக்கு என்ன அண்ணி பைத்தியமா என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

முதலில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் காதர் பாய். சேலையூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். அப்போது எனக்கு முப்பத்தொன்று. நான் நர்ஸ் என்பதால் அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு நான் 'சிஸ்டர்'தான். அவர் பக்கம் ஒரு பிரேக்கும் கிளட்சும் தனியாக இருக்கும். நான் பாதி ஓட்டினால் மீதியை அவர் ஓட்டுவார். அப்படித்தான் லைசென்ஸ் வாங்கினேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு மூன்று கியர்தான் தெரியும். சிட்லபாக்கம் தெருவில் முதல் கியர், ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் இரண்டாவது, கேம்ப் ரோடு சிக்னல் பச்சையாக இருந்தால் மூன்றாவது. அதற்குமேல் போட தாம்பரத்தில் எங்கே இடம் இருக்கிறது? சாமுவேல் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னை இடப்பக்கம் உட்கார வைத்து, பள்ளிக்கரணைச் சதுப்பு ஓரமாகப் போகிற அகல ரோட்டுக்கு எங்கள் பழைய வெள்ளைக் காரை ஓட்டிப்போனார். ரோடு காலியாக இருந்தது. தூரத்துத் தண்ணீரில் பறவைகள் நின்றன. "பாரு எஸ்தரு, இதான் நாலாவது" என்று போட்டுக் காட்டினார். எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்துபோனது. என்னமோ அவரே செய்து வைத்திருந்த மாதிரி அப்படி ஒரு பெருமை முகத்தில்.

3

இங்கிலாந்துக்கு நான்தான் முதலில் போனேன், நர்ஸ் வேலைக்கு. நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அவர்கள் டெஸ்டில் தேற வேண்டும். சாமுவேல் வந்து சேர்ந்த வருடமே முதல் தடவையில் தேறிவிட்டார். நான் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போக வேறு வழியில்லை என்று ஆன பிறகுதான் போனேன்.

முதல் டெஸ்டில் ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். வண்டி பின்னால் உருண்டது, பதறிப்போய்க் காலை எடுத்தேன், நின்றுவிட்டது. நம் ஊரில் வண்டி 'ஆஃப் ஆயிடுச்சு' என்போம் இல்லையா? அதையே ஆங்கிலத்தில் "சாரி, இட் பிகேம் ஆஃப்" என்றேன். பரீட்சை அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்ன ஆனது என்று மரியாதையாகக் கேட்டார். நான் மறுபடியும் அதையே சொன்னேன். ஃபெயில். இரண்டாவது தடவை வேறு ஏற்றம், அதே உருளல். மூன்றாவது தடவை அழுதுகொண்டே ஆட்டோமேட்டிக் டெஸ்டுக்கு எழுதிப்போட்டேன். பத்து நாளில் பாஸ்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆட்டோமேட்டிக்கில் தேறியவர் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டலாம், கியர் வண்டியைத் தொடக்கூடாது. லைசென்ஸ் அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் ஒரு எண் அதைச் சொல்லும். சாமுவேல் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்கு 'அரை லைசென்ஸ்காரி' என்று பெயர் வைத்தார். கியர் இல்லாத வண்டியை அவர் வண்டியாகவே மதிக்கவில்லை. ஒரே ஒரு தடவை என் வண்டியை ஓட்டினார். ரவுண்டானாவில் கிளட்ச் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதித்தார். நான் முன்கண்ணாடியில் போய் முட்டாதது கர்த்தர் கிருபை. இறங்கி நின்று வயிறு வலிக்கச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பிறகு எங்கள் பையன் ஜோயலுக்குப் பதினெட்டு வயதானது. அவனும் ஆட்டோமேட்டிக்கிலேயே டெஸ்ட் எடுத்தான். அவன் நண்பர்கள் எல்லாரும் அப்படித்தானாம். கியர் எதற்கு, கொஞ்ச நாளில் எல்லாம் கரண்டு வண்டிதானே என்றான். அன்று சாமுவேல் கிண்டல் செய்யவில்லை. தாம்பரத்துக்குப் போனால் இவனால் நம் வண்டியை எடுக்க முடியாதே என்று மட்டும் சொன்னார். அவன் தாம்பரத்துக்கு வந்து வண்டி ஓட்டுவான் என்று இந்த மனுஷன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குத் தோன்றியது. சாப்பிடும்போதுதான் வழக்கமான குரல் வந்தது. "வீட்ல ரெண்டு அரை லைசென்ஸ். கூட்டினா ஒண்ணு ஆகுமா?"

4

மூன்று வருடத்துக்கு முன்பு சாமுவேலுக்கு இடது தோள் இறுகிக்கொண்டது. கையை முன்னால் நீட்ட முடியவில்லை. வலது கையால் ஸ்டியரிங் பிடிக்கலாம், இடது கையால் கியர் போட முடியாது. டாக்டர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறச் சொன்னார். இவரா கேட்பார்? என்னை இடப்பக்கம் உட்கார வைத்தார். அவர் கிளட்சை மிதித்து நம்பர் சொல்ல வேண்டும், நான் என் வலது கையால் கியரைத் தள்ள வேண்டும். இது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை.

முதல் வாரம் வண்டி கர்புர் என்று கத்தியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. "ரெண்டு" என்பார், போடுவேன். "மூணு" என்பார், போடுவேன். அவர் கால், என் கை. வாய் திறந்து சொல்வதற்குமுன் அவர் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். சர்ச்சுக்கு, கடைக்கு, ஜோயல் படித்த ஊருக்கு என்று இரண்டு வருடம் அப்படித்தான் போனோம். சண்டை போட்ட நாளிலும் நம்பர் சொல்லித்தானே ஆக வேண்டும்? அன்றைக்கெல்லாம் எங்களுக்குள் பேச்சு ஒன்றிலிருந்து ஐந்துவரைதான். முறைத்துக்கொண்டே "நாலு" என்பார். முறைத்துக்கொண்டே போடுவேன். வீடு வருவதற்குள் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அவரைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் கூட்டிப்போனேன். அன்று அவர் இடப்பக்கம், நான் ஓட்டும் பக்கம். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய இடது கால் தரைவிரிப்பை அழுத்தியதைப் பார்த்தேன். வாய் எதையோ முணுமுணுத்தது. ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வேகம் குறைத்தபோதுதான் காதில் விழுந்தது. "ரெண்டு... ஒண்ணு" என்றார். ஒன்பதாவது நாள் போய்விட்டார்.

5

அவருடைய கியர் வண்டி வீட்டு முன்னால் நின்றது. அவர் போனதும் அதன் இன்ஷூரன்ஸும் போனது. காகிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் வண்டி ஆஃப் த ரோடா என்று கேட்டாள். ரோட்டை விட்டு இறங்கிக் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்கிறாள் என நினைத்து, "நோ நோ, இட் இஸ் வெரி ஸேஃப்" என்றேன். அவள் பொறுமையாக விளக்கினாள். ஓடாத வண்டியை ஓடாத வண்டி என்று எழுத்தில் தெரிவித்துவிட வேண்டுமாம். தெரிவித்தேன். இறப்புச் சான்றிதழ் அனுப்பியபோது வராத அழுகை அந்தப் படிவத்தை அனுப்பியபோது வந்தது.

ஞாயிறு தோறும் சர்ச்சிலிருந்து வந்ததும், பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க அதை ஸ்டார்ட் செய்வேன். பிறகு அந்தப் பக்கம் சுற்றிப்போய் இடப்பக்கத்தில், என் சீட்டில் உட்காருவேன். பத்து நிமிடம். ஓட்டுகிற சீட் காலியாக இருக்க, எஞ்சின் ஓட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாரோ தெரியாது, கையை மட்டும் ஆட்டுவார்.

அந்த வண்டியை நான் ஓட்டவே முடியாதா என்று விசாரித்தேன். முடியும் என்றார்கள். எல் போர்டு மாட்டி, இன்ஷூரன்ஸ் எடுத்து, கியர் லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓட்டலாம். டெஸ்டில் தேறிவிட்டால் அதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். ஜோயலுக்கு அரை லைசென்ஸ், அவன் உட்கார்ந்தால் செல்லாது. சர்ச்சில் இருந்த ஒரே தமிழ்க் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. கூட வேலை பார்க்கிறவளுக்கு நான் வரும்போது டியூட்டி, நான் போகும்போது தூக்கம். எதிர்வீட்டுக்காரர் கண் தெரியவில்லை என்று லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு ஊரில் இருந்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இல்லை. சட்டம் அந்த ஒன்றைத்தான் கேட்டது.

டிரைவிங் ஸ்கூலில் ஆள் உண்டு, ஆனால் அவரவர் வண்டியில்தான் உட்காருவார்கள். சரி என்று ஒரு வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த பெண் "செகண்ட்" என்றதும், என் வலது கை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இடப்பக்கம் தாவியது. அவள் பயந்தே போனாள். நம்பர் காதில் விழுந்தால் என் வலது கைதான் போகும். இரண்டு வருடம் பழகிய கை அது. இடது கைக்கு ஒன்றும் தெரியாது. இதை அவளுக்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொல்ல ஆரம்பித்து அழுதுவிட்டேன். அவள் வண்டியை ஓரம் கட்டி, டிஷ்யூ பேப்பர் கொடுத்தாள். திரும்ப நான் போகவில்லை.

அப்போதுதான் காதர் பாய் ஞாபகம் வந்தது. அவரிடம் தமிழில் அழலாம்.

6

பாய் இன்னும் சேலையூரில்தான் இருக்கிறார். ஸ்கூலை மகள் நடத்துகிறாள். அவர் பழைய ஆட்கள் கேட்டால் மட்டும் வருகிறார். என்னைப் பார்த்ததும், "இன்னா சிஸ்டர், நாலாவது கியரு போட்டீங்களா இல்லியா?" என்றார். இவருக்கும் சாமுவேல் சொல்லி வைத்திருக்கிறார் போலும்.

நம் ஊர் லைசென்ஸ் என்னிடம் உயிரோடு இருக்கிறது. முன்பு ஒரு லீவில் சாமுவேல் என்னை வற்புறுத்தி வரிசையில் நிற்க வைத்துப் புதுப்பித்தது. அங்கே அரையாக இருந்தாலும் இங்கேயாவது முழுசாக இரு என்றார். வேடிக்கையைப் பாருங்கள். கியர் வண்டியைத் தாம்பரத்தில் நான் தனியாக ஓட்டலாம், தைரியம் கிடையாது. அங்கே தைரியம் வந்தாலும் சட்டம் கிடையாது.

முதல் நாள் பாய் "ரெண்டு போடுங்க" என்றார். என் வலது கை தாவியது. வண்டி ஒரு தண்ணி லாரிப் பக்கம் திரும்ப, அவர் தன் பிரேக்கை மிதித்தார். "கை எங்க போவுது சிஸ்டர்? ஸ்டியரிங்க யாரு புடிப்பா?" என்றார். ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன், தோள் இறுகியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை. பாய் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் வாயிலிருந்து நம்பர் வரவில்லை. கியர் மாற்ற வேண்டிய இடத்தில் டேஷ்போர்டை ஒரு விரலால் தட்டுவார். தட்டினால் என் இடது கை போயிற்று. இத்தனை சுலபமான விஷயம் இது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

இரண்டாவது வாரம் தாம்பரம் மேம்பாலம். ஏறுகிற பக்கம் சரியான டிராஃபிக். முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ. வண்டி ஆஃப் ஆனது. ஹாரன் சத்தத்தில் காது போயிற்று. ஆட்டோக்காரர் தலையை நீட்டி, வூட்டுக்குப் போய்க் கத்துக்கினு வரச் சொன்னார். பாய் அசையவில்லை. "ஹாஃப் கிளட்ச்ல நிறுத்துங்க. முன்னால போவவும் வேணாம், பின்னால உருளவும் வேணாம்" என்றார். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் இருபத்திரண்டு வருடமாக அப்படியே நிற்கிறவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பாதி விட்டேன். வண்டி லேசாக நடுங்கியது, உருளவில்லை. பஸ் நகர்ந்ததும் நாங்களும் நகர்ந்தோம். இரண்டு டெஸ்டில் என்னைத் தோற்கடித்த ஏற்றத்தைத் தாம்பரத்தில் ஜெயித்தேன். கீழே இறங்கியதும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். அவர் பெயர் வந்தது. அதைத் தாண்டி விரல் போகவில்லை.

7

நினைவு ஜெபம் நல்லபடியாக முடிந்தது. சர்ச்சிலிருந்து ஐயர் வந்து ஜெபித்தார், பிரியாணி போட்டோம், சாமுவேல் எப்படிச் சிரிப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் ஜோயல் இங்கிலாந்திலிருந்து போனில் கூப்பிட்டான்.

அவன் இப்போது வேலை பார்ப்பது எங்கள் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில். 'அம்மா' ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். அப்பா வண்டியை வாங்க ஒருவர் கிடைத்திருக்கிறார், சனிக்கிழமை வருகிறார், சாவி எங்கே என்று கேட்டான். சாவி என் கைப்பையில் இருந்தது. தாம்பரம்வரை அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"விக்காதே" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, "அம்மா, யூ கான்ட் ஈவன் டிரைவ் இட்" என்றான்.

அங்கே கியர் டெஸ்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன். சரி, தேறினால் வைத்துக்கொள்ளுங்கள், தேறாவிட்டால் நான் விற்றுவிடுவேன், அது துருப்பிடிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை என்றான். நான் ஒப்புக்கொண்டேன். போனை வைப்பதற்குமுன் ஒன்று கேட்டான். பாஸானாலும் தனியாகத்தானே போவீர்கள், எங்கே போவீர்கள் என்று. நியாயமான கேள்வி அது.

8

இன்று காலை கடைசி வகுப்பு. நாளைக்கு பிளைட்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் ஆட்கள் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள். பாய் டீக்கடை ஓரம் நிறுத்தச் சொல்லி இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குனிந்தார். "ஒரு ரவுண்டு நீங்களே போய்ட்டு வாங்க சிஸ்டர். இனிமே பக்கத்துல ஆள் வேணாம் உங்களுக்கு."

பாராட்டித்தான் சொன்னார், பாவம். ஆனால் இதற்காகவா இத்தனை தூரம் வந்தேன்? பக்கத்தில் ஆள் வேண்டாம் என்று ஒருவர் வாயால் கேட்கவா? இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். கிளட்சை மிதித்தேன்.

தட்டுவதற்குப் பக்கத்தில் விரல் இல்லை. எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே போனது, என் இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. "ஒண்ணுலயே எவ்ளோ தூரம் போவே எஸ்தரு" என்று சாமுவேல் கேட்டிருப்பார். நானே சத்தமாக "ரெண்டு" என்றேன். வலது கை துடித்தது, விடவில்லை. இடது கை போய்ப் போட்டது. ஏரி முனையில் திரும்பியதும் கொஞ்சம் ரோடு இருந்தது. "மூணு" என்றேன். போட்டேன். நாலுக்கு இடமில்லை. "பள்ளிக்கரணைக்குத்தான் போகணும் அதுக்கு" என்றேன். அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். ஒரு நாய் குறுக்கே வந்தது. நிதானமாகக் குறைத்து, "ரெண்டு... ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்து டீக்கடையில் நிறுத்தினேன். வண்டி ஆஃப் ஆகவில்லை.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நான் முனை திரும்பியதிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"யாருகிட்ட சிஸ்டர் பேசிக்கினு வந்தீங்க?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? "அவருகிட்டதான் பாய். நம்பர் சொன்னேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வழக்கம்போல இடப்பக்கக் கதவில் கையை வைத்தார், பாதி திறந்தார். பிறகு அதை மெதுவாகச் சாத்திவிட்டு, பின் கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"போலாம் சிஸ்டர்" என்றார். "பள்ளிக்கரணைப் பக்கம் வுடுங்க. இந்நேரத்துக்கு ரோடு காலியாத்தான் கீது."